டெல்டாவில் வீடு கட்டப் பொருள் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல், சிமெண்ட், கூரை என்று ஒவ்வொன்றுக்கும் பத்து வகை சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

கடையில் தொடங்காதீர்கள், மனையில் தொடங்குங்கள். மூன்று விஷயம் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மனையில் என்ன மண்? கட்டுமானத்துக்கு எடுக்கப்போகும் தண்ணீரில் எவ்வளவு உப்பு? அந்தத் தெருவில் பெருமழைக் காலத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது? திருச்சிப் பக்கம் சிக்கனமாகவும் உறுதியாகவும் நிற்கும் அதே பொருள், வேதாரண்யத்திலோ திருப்பூண்டியிலோ பத்து வருடத்தில் உப்புப் பொரிந்து உதிர்ந்துவிடலாம். டெல்டாவில் வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஓதமும் (சுவரில் ஏறும் ஈரம்) உப்பும்தான். குடியிருப்பவரின் நெஞ்சுச் சளியையும் இழுப்பையும் தூண்டுவதில் ஓதச் சுவரில் பூக்கும் பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆகவே உடல்நலம், சுற்றுச்சூழல், செலவு ஆகிய மூன்று கணக்கையும் இங்கே தனித்தனியாகப் போட முடியாது.

மனை முழுக்கக் களிமண். கடைக்காலுக்கு என்ன செய்யலாம்?

திருவாரூர், மன்னார்குடி, நாகை வயல் மண் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊதும். அதன்மேல் மேலோட்டமாகப் போட்ட கடைக்கால் வருடா வருடம் ஏறி இறங்கும். ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசல் அதன் அடையாளம். வெடிப்பு எந்த ஆழம் வரை போகிறது என்று கோடையில் ஒரு குழி தோண்டிப் பார்த்து, அதற்கும் கீழே போக வேண்டும். பெரிய வீடென்றால் அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண், போடுவது வழக்கம். 3.5 மீட்டர் ஆழம், குமிழின் அகலம் தண்டைப் போல இரண்டரை மடங்கு. மண் பரிசோதனைக்குச் செலவழிப்பதில் தயங்க வேண்டாம். பின்னால் விரிசலை அடைக்கும் செலவு அதைவிடப் பெரிது.

பேஸ்மெண்டை நிரப்பக் குளம் வெட்டிய களிமண்ணோ வயல் வண்டலோ மலிவாகக் கிடைக்கிறது என்று கொட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அது ஈரம் குடித்து ஊதி, டைல்ஸைத் தூக்கிவிடும். கிராவலோ மணலோ போட்டு, 15 செ.மீ. அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள். பேஸ்மெண்ட் உயரம், தெருவில் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி. சாலை போடும்போதெல்லாம் தெரு ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் கரிக்கிறது. அதையே கான்கிரீட்டுக்கு விடலாமா?

பரிசோதிக்காமல் விடக்கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ இரண்டு லிட்டர் கொடுத்தால் குளோரைடு, சல்பேட், பி.எச். சொல்லிவிடுவார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். சல்பேட் 400 மி.கி.க்குள், பி.எச். 6க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. குளோரைடு அதைத் துளைக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, மேல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தளத்தின் அடியில் பட்டை பட்டையாகப் பெயர்ந்து கம்பி தெரிவது இப்படித்தான். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் மேலே பூசி மறைப்பதால் நிற்காது.

கலக்க மட்டுமல்ல, நீராற்றவும் அதே தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். கலக்கும் தண்ணீரை டேங்கரில் வாங்கிவிட்டு, தளத்தின் மேல் பாத்தி கட்டி போர் தண்ணீரை நிறுத்தினால் உப்பு மேலிருந்து இறங்கும். மழைக்காலத்தில் தொட்டியில் பிடித்த மழைநீர் இரண்டுக்கும் நல்லது.

கடற்காற்று நேராக அடிக்கும் ஊர்களில் விதி கேட்பது எம்30 வலிமைத் தரம், 45 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன்), சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகாத தண்ணீர். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இதில் சேர்த்தி. மேஸ்திரி 'இளக்கமா இருந்தாத்தான் ஓடும்' என்று இன்னொரு வாளி விடும்போது, அந்த வாளிதான் பின்னால் உப்பு உள்ளே போகும் நுண்துளைகளாக மாறுகிறது. இளக்கம் வேண்டுமென்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள். எம்20க்கு மேல் 1:1½:3 என்று கைக்கணக்கில் கலக்க விதி இடம் தரவில்லை. டிசைன் மிக்ஸ் (ஆய்வகத்தில் சோதித்துக் கணக்கிட்ட கலவை விகிதம்) வாங்க வேண்டும் அல்லது ரெடிமிக்ஸ் எடுக்க வேண்டும். கம்பிக்கு அடியில் ஜல்லியை முட்டுக் கொடுப்பது கவர் ஆகாது. கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடுவதற்கு முன்பு குனிந்து பாருங்கள்.

எந்த சிமெண்ட்?

டெல்டாவுக்குக் கலப்பு சிமெண்ட். சாம்பல் கலந்த பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல், உலைக்கசடு கலந்த பி.எஸ்.சி.யில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு. இரண்டும் உப்பு ஊடுருவலை நன்றாகத் தடுக்கும். கிளிங்கர் (சிமெண்டுக்காகச் சூளையில் சுட்டெடுக்கும் மூலப்பொருள்) குறைவதால் கரியமில வாயுவும் குறைகிறது. விலையும் பொதுவாகக் கூடுதல் இல்லை. உடல், ஊர், பை மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்கும் அபூர்வமான இடம் இது. ஒரே நிபந்தனை, மெதுவாக இறுகும் என்பதால் குறைந்தது 10 நாள், வெயில் நாளில் 14 நாள் நீராற்ற வேண்டும். சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது.

சுவருக்கு நாட்டுச் செங்கல், ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல், ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கல்). எது?

முதலில் எண்ணிக்கை. ஒரு கல்லின் விலையை இன்னொரு கல்லின் விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. 100 சதுர அடிச் சுவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 9 அங்குலச் சுவரென்றால் செங்கல் அதன் அளவைப் பொறுத்து 900 முதல் 1,050 வரை பிடிக்கும். 1:6 கலவைக்குச் சுமார் 3 மூட்டை சிமெண்ட், 22 கன அடி மணல். இதே பரப்புக்கு 24×8×8 அங்குல ஏ.ஏ.சி. சேதாரத்தோடு 80 போதும், கூட ஒன்றிரண்டு மூட்டை ஒட்டுக் கலவை. இந்த எண்களை வைத்து உங்கள் ஊரின் இன்றைய விலையைப் பெருக்குங்கள். அதோடு கொத்தனார் சித்தாள் கூலி, இரண்டு பக்கப் பூச்சு, லாரி வாடகை. அப்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

காளவாய் நாட்டுச் செங்கல் பக்கத்திலேயே கிடைக்கும், நன்றாக வெந்தது நூறு வருடம் நிற்கும். அளவு ஒழுங்கில்லாததால் பூச்சு தடிமனாகும். அதன் சுற்றுச்சூழல் விலை கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கிறது. மேல்மண் சுரண்டிய வயல் பக்கத்து வயலைவிடத் தாழ்ந்து போய், தண்ணீர் வடியாமல் நெல் அழுகுகிறது. எரிப்பதற்கு விறகும் நிறையப் போகிறது.

லோடு இறக்குவதற்கு முன் கல்லைச் சோதியுங்கள். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு மீண்டும் எடை போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் வேண்டாம். டெல்டாவில் இதைவிட முக்கியமான சோதனை உப்புச் சோதனை. ஒரு தட்டில் 25 மி.மீ. உயரத்துக்கு நல்ல தண்ணீர், முடிந்தால் டிஸ்டில்டு வாட்டர், ஊற்றிக் கல்லை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் முழுக்க உறிஞ்சி ஆவியானதும் இன்னொரு முறை அதேபோல் ஊற்றிக் காயவிடுங்கள். கல்லின் முகத்தில் வெள்ளைப் பூப்பு பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் வாங்கலாம். பாதிக்கு மேல் பூத்தால் அந்தக் காளவாயின் மண்ணிலேயே உப்பு இருக்கிறது. என்ன பெயிண்ட் அடித்தாலும் உரிந்துகொண்டேதான் வரும்.

ஃபிளை ஆஷ் கல் ஒரே அளவில் வருவதால் பூச்சும் கலவையும் மிச்சம். மேல்மண்ணைத் தொடுவதில்லை. நெய்வேலி, மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் டெல்டாவுக்கு எட்டும் தூரம்தான். குறை எங்கே வருகிறது? போட்ட வாரத்திலேயே லாரி ஏறிவிடும் கல்லில். முழுதாக நீராற்றாத கல் சுவரில் ஏறிய பிறகு சுருங்கி, இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி விரிசல் விடும். வார்த்த தேதியைக் கேட்டு, மூன்று நான்கு வாரம் ஆன கல்லை மட்டும் எடுங்கள். முகம் வழுவழுப்பாக இருப்பதால் பூசுவதற்கு முன் சிமெண்ட் பால் தெளித்துச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லையென்றால் பூச்சு தகடாகக் கழன்று வரும்.

ஏ.ஏ.சி.யின் பெரிய லாபம் எடை. மேலே சொன்ன 100 சதுர அடிச் செங்கல் சுவர் ஏறக்குறைய 4 டன், ஏ.ஏ.சி. சுவர் ஒன்றேகால் டன்னைச் சுற்றி. களிமண் மேல் நிற்கும் மாடி வீட்டுக்கு இது கடைக்காலிலும் கம்பியிலும் மிச்சம் தரும். வெப்பமும் மெதுவாகத்தான் உள்ளே வரும். ஆனால் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். வெள்ளம் நிற்கும் தெருவில் தரையிலிருந்து மூன்றடி வரை நல்ல செங்கல்லோ ஃபிளை ஆஷ் கல்லோ கட்டி, அதற்கு மேல் ஏ.ஏ.சி. வைப்பது நியாயமான வழி. இரண்டும் சேரும் இடத்திலும், தூணும் சுவரும் சேரும் இடத்திலும் கம்பி வலை வைத்துப் பூசவும்.

ஹாலோ பிளாக் சுற்றுச்சுவருக்கும் கொட்டகைக்கும் சரி. குடியிருக்கும் அறைக்கு, மேற்கு வெயில் படும் சுவருக்கு, பரிந்துரைக்க மாட்டோம்.

ஃபிளை ஆஷ் கல் வீட்டில் இருந்தால் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

சாம்பலில் கன உலோகங்கள் சிறிதளவு இருப்பது உண்மை. கல்லாக இறுகி, மேலே பூச்சும் பூசிய பிறகு அவை காற்றில் வருவதில்லை. குடியிருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆபத்து அறுக்கும்போதுதான். கல், டைல்ஸ், கிரானைட் எதை உலர்வாக அறுத்தாலும் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் உண்டாக்கும், அதற்குத் தீர்க்கும் மருந்து இல்லை. அறுக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டவிடுவதும் தொழிலாளிக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தச் செலவை எஸ்டிமேட்டில் ஒரு வரியாகவே எழுதிவிடுங்கள்.

ஆற்று மணலா, எம் சாண்டா?

பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட்தான். கொள்ளிடத்திலும் காவிரியிலும் படுகை ஆழமாகப் போனால் வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் ஏறாது, நிலத்தடி நீர் இறங்கும், கடைமடையில் கடல்நீர் ஆற்று வழியாகவே உள்ளே வரும். உங்கள் போர் தண்ணீர் கரிப்பதற்கும் மணலுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

எம் சாண்ட் என்ற பெயரில் குவாரித் தூளைத் தள்ளிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டக்கூடாது, துகள் செதிலாக இல்லாமல் கன வடிவமாக இருக்க வேண்டும். 150 மைக்ரான் சல்லடையில் இறங்குவது 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தூள் கூடினால் தண்ணீர் அதிகம் கேட்கும், பூச்சு வலை வலையாக வெடிக்கும். பூச்சுக்குத் தனியாகப் பி சாண்ட் (பூச்சுக்கென்று சலித்த நைசான எம் சாண்ட்) வாங்குங்கள். எந்த மணலானாலும் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடியாக, வாங்கும்போது நனைந்த மணல் கால் பங்கு வரை உப்பிக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, காய்ந்த லோடாகக் கேளுங்கள். கடற்கரை மணல், கழுவியதாகச் சொன்னாலும், வேண்டாம்.

வீட்டு மேல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இருக்கிறது. எடுக்க வேண்டுமா?

உடையாமல், தூள் உதிராமல் இருக்கும் அட்டை உடனடி ஆபத்து அல்ல. உடைந்தாலோ, துளை போட்டாலோ, அறுத்தாலோ, வெயில் மழையில் மேற்பரப்பு பொடிந்தாலோ நார் காற்றில் கலக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூச்சில் போனது நோயாகத் தெரிய 20, 30 வருடம்கூட ஆகலாம். புதிய வீட்டுக்கு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இதை வாங்காதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது பறந்த கூரைகளில் அட்டைக் கூரைகளும் உண்டு. அப்படி உடைந்த துண்டுகளைப் பெருக்கிக் கூட்டுவது, கொல்லைப் பாதையில் இடித்துப் போடுவது, மாட்டுத் தொழுவத்துக்கு அறுத்து மாட்டுவது ஆகிய மூன்றும் தவறு. கழற்றும்போது நன்றாக நனைத்து, ஜே போல்ட்டை வெட்டி, அட்டையை முழுதாக இறக்க வேண்டும். தூக்கி எறியக்கூடாது. குழந்தைகள் அங்கே இருக்கக்கூடாது. துணி முகக்கவசம் இதைத் தடுக்காது, பி100 வடிகட்டி பொருத்தியது வேண்டும். துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டி, அபாயகரக் கழிவாக எப்படி ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அன்று போட்டிருந்த துணியை மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். எடுக்கும்வரை அந்தக் கூரையிலிருந்து மழைநீர் பிடித்துக் குடிக்க வேண்டாம்.

மாற்றாக ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நார் சிமெண்ட் அட்டை கிடைக்கிறது. வாங்கும்போது அப்படி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இரும்புத் தகடு போடுவதானால் கடற்கரையில் அலுமினியம் துத்தநாகப் பூச்சு உள்ளதாக, அடியில் வெப்பக்காப்போடு போடுங்கள்.

ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடுவது லாபமா?

புயலுக்குத் தளம் உறுதி, அதை மறுக்க முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் குளித்த தளம் இரவு பத்து மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். பிறகு ஏ.சி., பிறகு மின்கட்டணம். தளம் போட்டால் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து, வெள்ளையடியுங்கள். இதையும் முதல் எஸ்டிமேட்டிலேயே சேர்க்கவும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட தட்டோடு அப்படியே நின்றுபோகும். பழைய மங்களூர் ஓடுகளை வீசாமல், தளத்தின் அடிப்பகுதியில், சுமை தாங்குவதில் கான்கிரீட்டுக்கு வேலையில்லாத இடத்தில், நிரப்பியாக வைக்கலாம். கான்கிரீட்டும் எடையும் குறையும். கம்பி அமைப்பைப் பொறியாளர்தான் வரைய வேண்டும். உப்புக்காற்று நேராக அடிக்கும் இடத்தில் இந்த முறையைத் தவிர்க்கவும்.

ஓட்டையே வைத்துக்கொள்வதானால், பனை வாரைகளைக் கரையான் பார்த்து, வாரையைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டி, விளிம்பு வரிசை ஓடுகளைக் கம்பியால் முடியுங்கள். காற்று முதலில் தூக்குவது விளிம்பைத்தான்.

அக்ரகாரத்துப் பழைய வீடு. சுவரில் மூன்றடி வரை ஓதம். சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை, ஏன்?

சிமெண்ட் பூசியதால்தான். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். கீழிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியே ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமெண்டும் அதன்மேல் பட்டியும் அக்ரிலிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளுகிறது. எபாக்ஸி, டேம்ப் புரூஃப் என்று மேலும் மேலும் அடைப்பது பணத்தை வீணாக்கும்.

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்: உயர்ந்த தெரு, ஒழுகும் முற்றத்துத் தூம்பு, சுவரை ஒட்டிய குளியலறை. பிறகு ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். சில வாரம் காயவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் 1:3, கொஞ்சம் செங்கல் தூள் சேர்த்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காகப் பூசுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். நீர்த்துக்கொண்டிருக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். முதல் பூச்சில் கொஞ்சம் உப்பு மறுபடி வரும், அந்த இடத்தை மட்டும் மாற்றிப் பூசினால் போதும்.

கரையான் மருந்து அடிக்கலாமா? கொல்லையில் கிணறு இருக்கிறது.

கிணறோ கைப்பம்போ சுவரை ஒட்டியிருந்தால் மருந்து வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. டெல்டாவில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கிறது, மண்ணில் ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக தூரம் இல்லை. வழக்கமான குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்ற அளவில் ஊற்றுகிறார்கள். 1,000 சதுர அடிக்கு 460 லிட்டருக்கு மேல் வருகிறது. நரம்பைத் தாக்கும் வகை மருந்து அது, வளரும் குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து. அடித்தே ஆகவேண்டுமென்றால் மழை பெய்யும்போதும் மண் ஈரமாக இருக்கும்போதும் கூடாது. மாற்று: பேஸ்மெண்டின் மேல் விரிசலில்லாத கான்கிரீட் பெல்ட், நிலை மரத்தைத் தரையில் ஊன்றாமல் அதன்மேல் நிறுத்துவது, கட்டும்போது மண்ணில் புதையும் சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுப்பது. அந்தத் துண்டுகள்தான் கரையானுக்கு முதல் தீனி.

கதவு, அலமாரி, பெயிண்ட்?

நிலைக்கு நன்றாக உலர்ந்த வேம்பு, பூவரசு உள்ளூரிலேயே கிடைக்கும், தேக்கை நாடிப்போக வேண்டியதில்லை. ஈரமான மரம் வாங்கினால் முதல் கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும். அலமாரிக்குப் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃபும் இந்த ஈரக்காற்றில் ஊதும், ஃபார்மால்டிஹைடும் விடும். பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரப் பிளைவுட், ஃபார்மால்டிஹைடு குறைவாக விடுவதைக் காட்டும் ஈ1 அல்லது ஈ0 முத்திரையோடு எடுத்து, வெட்டிய விளிம்புகளை மூடுங்கள். குடிபுகுமுன் இரண்டு மூன்று வாரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. டப்பாவில் அதைப் பாருங்கள். அதற்கு முந்தைய எனாமல் அடித்த கதவு ஜன்னலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, கீழே விரித்த தார்ப்பாயோடு சேர்த்து அள்ளி எடுங்கள். கர்ப்பிணியும் சின்னக் குழந்தையும் அந்த வாரம் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

மண் கல்லில் கட்டலாமா?

தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கச் செம்மண்ணில் கட்டலாம், 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கல் நன்றாக நிற்கும். ஆற்றங்கரைக் களிமண்ணில் மணல் நிறையச் சேர்க்க வேண்டியிருப்பதால் கணக்கு கட்டாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒருநாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று பிரியும். களி ஐந்தில் ஒரு பங்குக்கு அதிகமாகத் தெரிந்தால் அந்த மண் தனியாகக் கல்லுக்கு ஆகாது.